ஒரு பக்கம், இரண்டு கைகள்

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை அன்றைய பக்கத்தைக் கூட்டி, பேரேட்டில் ஏற்றிவிட்டு, "முடிந்தது" என்று குறித்துவிடுகிறார். ஆனால் எடை போடுகிறவர் அதே பக்கத்தில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த வரிகள் பேரேட்டுக்குப் போகாது. நஷ்டம் யாருக்கு? பூ கொண்டுவந்த விவசாயிக்கு!

லினக்ஸ் கெர்னலிலும் இதே குழப்பம் பல வருடங்கள் இருந்தது.

நாம் வாங்கும் பெரும்பாலான கணினிகளில் லினக்ஸ், நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கிறது. ஒரு பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு. சில சாதனங்கள் பிராசசரைக் கேட்காமல் நேரடியாகவே நினைவகத்தில் எழுதும். எழுதி முடிக்கும்வரை அந்தப் பக்கம் கைவிட்டுப் போகக்கூடாது. அதனால் டிரைவர் 'கெட் யூசர் பேஜஸ்' மூலம் அதைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை 1 கூடும்.

சிக்கல் இங்கேதான். சும்மா பார்ப்பவருக்கும் 1, எழுதும் சாதனத்துக்கும் 1. கோப்பு அமைப்பு பக்கத்தை வட்டில் சேமித்து, "இனி மாற்றமில்லை" என்று குறித்துவிடும். சாதனமோ எழுதிக்கொண்டே இருக்கும். தகவல் தொலையலாம்; கெர்னலே நின்றும் போகலாம்.

தனியாக இன்னோர் எண்ணிக்கை வைத்தால் என்ன? 4 ஜிபி நினைவகத்தில் 10,48,576 பக்கங்கள். பக்கத்துக்கு 8 பைட் கூட்டினாலே 8 எம்பி செலவு!

2020இல் வந்த லினக்ஸ் 5.7 சிக்கனமாக ஒரு வழி செய்தது. என்விடியாவின் ஜான் ஹப்பர்ட் முன்னின்று சேர்த்த 'பின் யூசர் பேஜஸ்', பக்கத்தைப் பிடிக்கும்போது 1க்குப் பதில் 1024 கூட்டும். எண்ணிக்கை 1024ஐத் தொட்டால் சாதனம் பிடித்திருக்கலாம் என்று பொருள். 1024 சாதாரண ஆட்கள் சேர்ந்து பிடித்தாலும் அப்படித்தான் தெரியும். ஆனால் வீண் எச்சரிக்கையால் தகவல் கெடாது.

இதன் பிறகு டிரைவர்களை ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. கோப்பு அமைப்பும் அந்த அடையாளத்தைப் பார்த்து நடக்க வேண்டும். கணக்கு முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் என்ன, ஒருவர் பழைய வழக்கப்படி எழுதினால் போதாதா? பக்கம் மூடப்பட்டுவிடும், விவசாயியின் பூ கணக்கில் வராமலே போய்விடும்.