கோதுமை சேராத பாண்

 

எங்கள் பிள்ளைக்கு ஏன் பாண், ரோல்ஸ், பரோட்டா கொடுப்பதில்லை என்று பலர் கேட்கிறீர்கள். "ஒரு துண்டுதானே, ஒன்றும் செய்யாது" என்று அன்போடு சொல்பவர்களும் உண்டு. பெருநாள் வருவதற்கு முன் ஒருமுறை விளக்கமாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

பிள்ளைக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றோட்டம், இரத்தச்சோகை, வளர்ச்சிக் குறைவு என்று வரும். வயிறு வலிக்காத நாளிலும் உள்ளே சேதம் நடக்கலாம். அதனால்தான் அந்த ஒரு துண்டும் கூடாது. இதைக் குணமாக்கக் குளிசை இல்லை, சாப்பாடுதான் மருந்து.

நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது பாண் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பக் கிடைத்ததும் நோயும் திரும்பியது. கோதுமைதான் காரணம் என்று முன்பே சந்தேகித்த வைத்தியர் டிக்கேக்கு அது உறுதியானது.

எங்கள் வெருகல் ஆற்று வெளியில் விளைவது நெல். கோதுமை கப்பலில் வருகிறது. சீனக்குடாவில் பிறிமா ஆலை 1980இலிருந்து அரைக்கிறது. இன்று பாதி வீடுகளில் காலைச் சாப்பாடு பாண்தான். அரிசிச் சாப்பாடு என்று நாம் நினைப்பதிலும் கோதுமை புகுந்துவிட்டது. கடை இடியப்பமும் பிட்டும் பல இடங்களில் அவித்த கோதுமை மாவில், அல்லது அதைக் கலந்து செய்கிறார்கள். மாவை அவித்தாலும் குளுட்டன் போகாது. ரவையும் கோதுமைதான். மோல்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. பெருங்காயத் தூளிலும் சிலவற்றில் கோதுமை மா சேர்க்கிறார்கள். சோயா மீட் வாங்கும்போது பொதியைப் படித்துப் பாருங்கள்.

மா தெரிவு செய்வதில்தான் பாதி வேலை. மில்லில் முன்னால் கோதுமை அரைத்திருந்தால் நம் அரிசி மாவிலும் அது சேரும். ஆகவே அரிசியைக் கழுவிக் காயவைத்து வீட்டிலேயே அரைத்து, இதற்கென்று வைத்த அரிதட்டில் அரிக்கிறோம்.

பாண் செய்யும் முறை இது. வறுக்காத அரிசி மா இரண்டு கோப்பை, மரவள்ளி மா அரைக் கோப்பை, ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் சீனி, உப்பு. பார்மசியில் விற்கும் இசப்கோல் உமி ஒன்றரை மேசைக்கரண்டியை ஒன்றரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிட்டால் கூழாகும். குளுட்டன் செய்யும் பிடிப்பு வேலையை அது செய்யும். முட்டை இரண்டு, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து எல்லாவற்றையும் அடியுங்கள். கேக் கலவை மாதிரி இருக்கும், பிசைய வேண்டாம். தட்டில் ஊற்றி, பொங்கிய பிறகு 180 பாகையில் முக்கால் மணித்தியாலம் வேகவிடுங்கள். நன்றாக ஆறிய பின்தான் வெட்ட வேண்டும். சூட்டில் வெட்டினால் உள்ளே களிபோல இருக்கும். கடைப் பாண் மாதிரி பஞ்சாக வராது. ஆனால் ஓரம் மொறுமொறுப்பாக, பருப்புக் கறியோடும் தேங்காய்ச் சம்பலோடும் நன்றாகச் சேரும். அடுத்த நாள் தோசைக்கல்லில் வாட்டினால் இன்னும் ருசி.

இரண்டு துண்டு கூடவே கொடுத்தனுப்புகிறோம். இடைவேளையில் பிள்ளைகள் பகிர்ந்துதான் சாப்பிடுவார்கள் என்பது ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும். எப்போதும் "எனக்கு வேண்டாம்" என்று சொல்கிற பிள்ளை, "இந்தா, சாப்பிடு" என்று நீட்டவும் வேண்டுமல்லவா?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் நீண்ட நாளாக வயிற்றோட்டம், மெலிவு, மாறாத இரத்தச்சோகை இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். நோய் இல்லாதவர்கள் கோதுமையை விடத் தேவையில்லை.

பெருநாளைக்கு எங்கள் பிள்ளை வீடு வந்தால் வட்டிலப்பம் கொடுங்கள், வாழைப்பழம் கொடுங்கள். கேக் வெட்டிய கத்தி மட்டும் அதில் படவேண்டாம். உங்கள் அன்பு எங்களுக்குத் தெரியும். அல்லாஹ் எல்லோர் பிள்ளைகளுக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.