கரண்ட் துவக்கும் எங்கள் பிரம்பும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் உள்ள வீடுகளில் பேச வேண்டிய விடயம் என்பதால் எழுதுகிறோம்.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு மின்னோட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான்.

"சேர், வெளிநாட்டுப் பொலிஸ் வச்சிருக்கிற கரண்ட் துவக்கு எங்கட பொலிஸுக்கிட்ட இருந்திருந்தா, ரம்புக்கனையில அந்த மனுசன் உயிரோட இருந்திருப்பார் தானே?"

2022 ஏப்ரல் 19, எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து நின்ற மக்கள் மீது பொலிஸார் சுட்ட நாள். நியாயமான கேள்விதான். 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்தபோது, பொலிஸ் வந்து தடுக்காதா என்று ஏங்கியவர்கள் நாங்கள். அதனால் பொலிஸின் கையில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று சொல்ல மாட்டோம்.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தைப் பலகையில் வரைந்து காட்டினோம். மெல்லிய கம்பி பூட்டிய இரண்டு ஊசிகள் பறந்து வந்து உடம்பில் குத்தும். ஒரு தடவை அழுத்தினால் வழக்கமாக 5 செக்கன் மின்சாரம் பாயும். தசைகள் விறைத்து ஆள் மரம் போல விழுவார், கையை ஊன்றவும் முடியாது. சில மீற்றர் தூரத்தில் ஓராளைத்தான் பிடிக்கும்; கூட்டத்துக்குச் சரிவராது.

பிறகு இன்னொரு சம்பவம் சொன்னோம். 2023 மே 17, அவுஸ்திரேலியாவின் கூமா என்ற ஊர். முதியோர் இல்லத்தில் 95 வயது கிளேயர் நௌலண்ட் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி, கையில் கத்தியோடு நின்றார். நிறை 48 கிலோ கூட இல்லை. கத்தியைப் போடச் சொல்லியும் போடவில்லை. சில நிமிடங்களில் பொறுமையிழந்த பொலிஸ்காரர் டேசரால் சுட்டார். விழுந்து தலையில் அடிபட்ட அந்த மூதாட்டி ஒரு கிழமையில் இறந்துபோனார். 2024இல் அந்தப் பொலிஸ்காரரை ஜூரிகள் குற்றவாளியாகக் கண்டார்கள். 2025இல் கிடைத்த தண்டனையில் சிறை இல்லை.

வெறும் கைத்துவக்கு மட்டும் இருந்திருந்தால் அவரைச் சுட்டிருப்பாரா? மாட்டார் என்றே நினைக்கிறோம். இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்திருப்பார். துவக்குக்குப் பதிலாக வந்தால் அந்தக் கருவி உயிரைக் காக்கும். பொறுமைக்குப் பதிலாக வந்தால்தான் வினை. "இது கொல்லாது" என்ற நினைப்பே கையை இலேசாக்கிவிடுகிறது.

வகுப்பு அமைதியாக இருந்தது. அவனே மெதுவாகக் கேட்டான்: "பிரம்பு மாதிரியா சேர்?"

எங்களிடம் பதில் இல்லை. உடல் தண்டனை கூடாது என்று 2005/17 சுற்றுநிருபம் வந்து எத்தனை வருடம்! ஆனாலும் மேசை லாச்சிக்குள் பிரம்பு இருந்தது. "சின்ன அடிதானே, காயமா வரப்போகுது" என்று அவனுக்கே இரண்டு தடவை அடித்திருக்கிறோம். ஒரு தடவை, ஏன் பிந்தி வந்தாய் என்று கேட்காமலேயே.

அன்று பின்னேரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். பிரம்பை முறித்துப் போட்டோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சேர்" என்று சொல்லாதீர்கள். அது எங்களுக்கு மிகவும் இலேசான வேலை. அதனால்தான் பயமாக இருக்கிறது.