ஹட்டனிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்து லயங்களிலும் சரி, டவுனில் நம்மவர் வீடுகளிலும் சரி, சவூதிக்குப் பணிப்பெண்ணாகப் போன யாரையாவது எல்லோருக்கும் தெரியும். தாயாக இருப்பாள், மகளாக இருப்பாள், அடுத்த காம்பராக்காரியாக இருப்பாள்.

"உம்மா இருக்கிற ஊர் எவ்வளவு தூரம் ஹஸ்ரத்?" என்று மத்ரஸாப் பிள்ளைகள் கேட்பதுண்டு. சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் அளந்தால் சரிவராது, பூமி உருண்டையல்லவா! உலக உருண்டையில் கட்டுநாயக்காவையும் ஜித்தாவையும் ஒரு நூலால் இழுத்துப் பிடியுங்கள். ஏறத்தாழ 42 பாகை வரும். பாகைக்கு 111 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 4,650 கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். ஹட்டனிலிருந்து அதே நூலை மக்காவுக்கு இழுத்தால் நமது கிப்லாவே கிடைத்துவிடும். அது நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 25 பாகை சாய்ந்தது. முஸல்லா விரிக்கும் சகோதரிகள் கவனிக்க!

இது ஆகாயத்துத் தூரம். நேர் விமானமானால் ஆறு மணி நேரத்தில் ஜித்தாவில் இறங்கிவிடலாம். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்காவோ நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர்தான். ஆனால் ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கினிகத்தேனை வளைவுகளில் இறங்கி, கித்துல்கலையில் களனி கங்கையோடு ஓடி, அவிசாவளை தாண்டி, கொழும்பு நெரிசலில் புகுந்து வெளிவர ஐந்து மணி நேரமாவது வேண்டும். தோட்டத்திலிருந்து ஹட்டன் வரும் கல்ரோடு தனி. மழையில் மண் சரிந்துவிட்டால் நேரம் சொல்லவே முடியாது.

ஆகவே, வீட்டார் பயணம் போகிறவளை அன்று காலையில் அவசரமாக பஸ் ஏற்றிவிடக் கூடாது. முதல் நாளே கீழே இறங்கி, தெரிந்தவர் வீட்டில் தங்க வைப்பது நல்லது. கடவுச்சீட்டின் பிரதியும், எஜமான் வீட்டு முகவரியும், தொலைபேசி எண்ணும் நம் வீட்டில் இருக்கட்டும். விமானச் சீட்டுக்கு அலைகிற வேகத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு தூரம் கடிகாரத்தில் இருக்கிறது. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இங்கே இரவு ஒன்பதுக்குப் பிள்ளை தூங்கி விழும்போது அங்கே ஆறரை மணி. அவள் அடுப்படியில் நிற்பாள். வேலை முடிந்து பத்தரைக்கு அவள் போன் எடுத்தால் இங்கே நள்ளிரவு ஒரு மணி! பிள்ளையின் குரலைக் கேட்காமலே வாரங்கள் போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதற்கு வழி கண்டிருக்கிறது. இங்கே காலை ஏழு என்றால் அங்கே நாலரை. தாய் ஸுப்ஹுக்கு எழும் நேரம், மகள் பள்ளிக்குப் புறப்படும் நேரம். உம்மம்மா தலை பின்னிக்கொண்டிருக்க, சிறுமி போனைக் காதில் வைத்துக்கொண்டு நேற்றைய பாடத்தை ஒப்பிக்கிறாள்.