விளக்கு பிறந்த அருவிக்கு ஒரு நடை

மைசூரின் தெருவிளக்குகளுக்கு முதன்முதலில் உயிர் கொடுத்த தண்ணீரைத் தேடிப் போனால், அங்கே ஒரு தமிழர் கட்டிய பாலம் பாதி இடிந்து நிற்கிறது.

விடிவதற்கு முன்பே மண்டி மொஹல்லா விழித்துவிடுகிறது. பெயரிலேயே தொழில் இருக்கிறது: மண்டி என்றால் மொத்த வியாபாரம், மொஹல்லா என்றால் பேட்டை. லஷ்கர், நஸர்பாத், தேவராஜ என்று பழைய மைசூர் மொஹல்லாக்களாகப் பிரிந்திருந்த நாளிலிருந்து இது மூட்டைகளின் இடம். லாரியிலிருந்து சரக்கு இறங்கும். டீக்கடை பாய்லர் சீறும். கன்னடம், உருது, தமிழ் மூன்றும் ஒரே பேரத்தில் கலந்து கேட்கும். அசோகா சாலைப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால் புனித ஃபிலோமினா தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். ஜெர்மனியின் கொலோன் தேவாலயத்தை மாதிரியாகக் கொண்டு, 1933-ல் அடிக்கல் நாட்டிக் கட்டியது. இன்னும் அணைக்கப்படாத தெருவிளக்குகளின் வெளிச்சத்தில் அவை நிழலாகத் தெரியும்.

அந்த விளக்குகளுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1908-ல் மைசூருக்கு மின் விளக்கு வந்தபோது, மின்சாரம் வந்து சேர்ந்த இடம் இங்கிருந்து கிழக்கே சுமார் 75 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரண்டாகப் பிரிந்து விழும் சிவனசமுத்திரம். அரண்மனை, மிருகக்காட்சிசாலை, பிருந்தாவன் என்று ஒரே நாளில் மைசூரை முடித்துவிட்டு ஊட்டிக்கு வண்டியேறும் தமிழ்நாட்டுப் பயணிகள் பலர் தவறவிடும் இடம் அது. ஒரு பகல் ஒதுக்கினால் போதும்.

மண்டி மொஹல்லாவிலிருந்து புறநகர் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே கொள்ளேகால் பஸ் பிடிக்க வேண்டும். வழியில் தி. நரசிபுரத்தில் கபினி வந்து காவிரியில் கலக்கிறது. ஜன்னலோர இருக்கை கிடைத்தவருக்கு அது ஒரு முன்னுரை. அப்புறம் கரும்பும் நெல்லும் தென்னையும் மாறி மாறி வரும். கொள்ளேகாலில் பஸ் மாறி, பெங்களூர் சாலையில் சத்தேகால் கைகாட்டியில் இறங்கினால் அதற்கு மேல் கால்தான் வாகனம். ஆட்டோ கிடைக்கும். ஆனால் ஆட்டோவில் போகிறவர் இரண்டு அருவிகளைப் பார்ப்பாரே தவிர, தீவைப் பார்க்க மாட்டார்.

ஸ்விட்சர்லாந்தில் லாட்டர்புருன்னன் கிராமத்திலிருந்து ஷ்டாப்பாக் அருவிக்கு நடப்பவர்களுக்கு மஞ்சள் பலகைகள் வழிகாட்டும். எத்தனை கிலோமீட்டர் என்று அவை சொல்வதில்லை. எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று சொல்லும். சிவனசமுத்திரத்தில் அந்தச் சுகமெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது. இங்கே பலகை என்பது கார்க்காரர்களுக்காக வைத்தது. நடப்பவருக்கு வழி சொல்வது மாடு ஓட்டிப் போகும் பெரியவரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும்தான். தமிழில் கேட்டாலும் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் தேதி வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்தில், கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. தீவும் அதில் அடக்கம். ஆற்றுக்கு அந்தக் கரை மைசூர் சமஸ்தானம், இந்தப் பக்கம் கோயம்புத்தூர். மொழிவாரி மாநிலப் பிரிவினையில் ஒரே இரவில் ஊர் மாநிலம் மாறியது.

ஆற்றை நெருங்கியதும் முதலில் கண்ணில் படுவது பாலம். வெல்லெஸ்லி பாலம் என்று பெயர். (ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திவான் பூர்ணையா 1804-ல் கட்டிய பாலத்துக்கும் இதே பெயர், இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.) இது 1818 வாக்கில் எழுந்தது. கட்டியவர் ராமசாமி முதலியார். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட்டிடம் பணிபுரிந்த தமிழர். வந்த இடத்தில் பாழடைந்து கிடந்த கோயில்களையும், காடு மண்டிய தீவையும், ஆற்றைக் கடக்க வழியில்லாமல் தவித்த யாத்ரீகர்களையும் கண்டு கைக்காசைப் போட்டு வேலையைத் தொடங்கினார் என்பது வரலாறு. இன்னொரு கிளையின் மீது, 1830-களின் தொடக்கத்தில், சென்னை கவர்னர் லஷிங்டன் பெயரில் இரண்டாவது பாலம். மகிழ்ந்துபோன கம்பெனி சர்க்கார் அவருக்கு ஜாகீர் கிராமங்களோடு 'ஜனோபகார காமகர்த்தா' என்ற பட்டத்தையும் கொடுத்தது. மக்களுக்கு உபகாரம் செய்பவர் என்று பொருள். கொடுத்த பட்டங்களில் பொருத்தமானவை குறைவு. இது அவற்றில் ஒன்று.

பாலத்தின் வேலைப்பாடு கவனித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. வளைவுகளே கிடையாது. ஆற்றின் பாறைப் படுகையில் கருங்கல் தூண்களை வரிசை வரிசையாக நட்டு, மேலே கல் உத்தரங்களைக் கிடத்தி, அதன்மேல் தளம். கோயில் மண்டபம் ஒன்றைத் தூக்கி ஆற்றில் இறக்கி வைத்ததுபோல இருக்கும். ஐரோப்பியப் பொறியாளர்களின் பாணி இதில் இல்லை. கோயில் கட்டிய கைகள் கட்டியது என்பது பார்த்ததும் புரியும். நேர்கோடாகப் போகாமல் சற்று வளைந்து போகிறது. வெள்ளத்தின் வேகத்தை எதிர்கொள்ள அப்படி ஓர் ஏற்பாடு என்கிறார்கள். மாட்டு வண்டிக்காகக் கட்டிய அந்தப் பாலம் பஸ்ஸையும் லாரியையும் சுமந்தது.

2018-ல் அது தோற்றது. பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பை வழங்கியது: பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு என்று. அதே ஆண்டு மழைக்காலத்தில், யாரும் கேட்காமலே, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி வழிந்தன. அந்த வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. பக்கத்திலேயே வாகனங்களுக்குப் புதிய பாலம் இருப்பதால் போக்குவரத்துக்குச் சிரமம் இல்லை. அதுவே பழைய பாலத்துக்கு ஆபத்தாகவும் ஆகிவிட்டது: தேவைப்படாத ஒன்றைப் பழுதுபார்க்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை. புதிய பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்று பார்த்தால் தெரியும். தூண்கள் வரிசையாக வந்து, திடீரென்று நின்று, நடுவே வெறும் தண்ணீர். பிறகு மறுபடியும் தூண்கள். இருநூறு ஆண்டுப் பொறியியலின் உட்புறத்தை வெள்ளம் வெட்டிக் காட்டியிருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே எப்படிப் பொருத்தினார்கள் என்பதை இப்போதுதான் நன்றாகப் பார்க்க முடிகிறது என்பது ஒரு கசப்பான ஆறுதல்.

தீவு நீளவாக்கில் சுமார் ஐந்து கிலோமீட்டர். கிராமத்தைத் தாண்டியதும் ரங்கநாதர் கோயில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருப்பவர் ஆதிரங்கர், ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் அந்த்யரங்கர், இவர் மத்யரங்கர். மூன்று அரங்கனையும் ஒரே நாளில் தரிசித்தால் புண்ணியம் என்பது ஐதீகம். காவிரி கரையோரமாகவே காரை விரட்டும் பக்தர்களை இங்கே பார்க்கலாம். அவர்கள் தரும் நேரம் பத்து நிமிடம். நடந்து வந்தவருக்கு அவசரம் இல்லை. உள்ளே கல் தரை குளிர்ச்சியாக இருக்கும். சற்றுத் தள்ளி சோமேஸ்வரர் கோயில். ஊர்ப் பெயருக்கு நியாயம் செய்யும் சிவன் அவர்தான் என்றாலும் கூட்டம் என்னவோ அரங்கனுக்குத்தான்.

இங்கிருந்து பாதை பிரிகிறது. ஒன்று மேற்குக் கிளையில் விழும் ககனசுக்கிக்கு, மற்றது கிழக்குக் கிளையில் விழும் பரசுக்கிக்கு. கன்னடத்தில் ககனம் என்றால் வானம், சுக்கி என்றால் புள்ளி அல்லது நட்சத்திரம். தெறிக்கும் திவலையைப் பார்த்து யாரோ வைத்த பெயராக இருக்கலாம். ககனசுக்கியின் தலைமாட்டில் ஹஸ்ரத் மர்தானே காயிப் தர்கா இருக்கிறது. எல்லா மதத்தவரும் வந்து போகும் இடம். தர்காவுக்குப் பின்னால் பாறைகள் அருவியின் விளிம்பு வரை படிப்படியாக இறங்குகின்றன. பார்க்க அழைப்பது போலவே இருக்கும். இறங்கக் கூடாது. பாசி பிடித்த பாறையில் கால் வழுக்கி இங்கே உயிரிழந்தவர்கள் பலர். முழு அருவியையும் நேருக்கு நேர் பார்க்க வேண்டுமானால் எதிர்க்கரையில், மாண்டியா மாவட்டப் பக்கம், பிளஃப் என்ற இடத்தில் பார்வை மேடை இருக்கிறது. அதற்குச் சுற்றுவழி, இன்னொரு பஸ், இன்னொரு நடை.

பிளஃபுக்குப் போக நேரம் கிடைத்தால் கீழே பள்ளத்தாக்கில் மின்நிலையமும் தெரியும். 1902 ஜூன் 30 அன்று இயங்கத் தொடங்கியது. நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் போய் அப்போது ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தத் தூரம் சுமார் 40 கிலோமீட்டர். இங்கிருந்து கோலார் தங்கவயலுக்கு 147 கிலோமீட்டர். உலகின் மிக நீண்ட மின்தடங்களில் ஒன்றாக அன்று அது இருந்தது. யோசனைக்குப் பின்னால் இருந்தவர் கனடாவில் பிறந்த ராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். துணிந்து சம்மதித்தவர் மைசூரின் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுக்காரர், 1883 முதல் 1901 வரை பதினெட்டு ஆண்டுகள் திவானாக இருந்தவர். முதல் மின்சாரம் பாய்வதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1901 செப்டம்பரிலேயே இறந்துபோனார். நிலையத்துக்கு இப்போது அவர் பெயர்.

அந்த மின்சாரம் முதலில் போனது அரண்மனைக்கு அல்ல, சுரங்கத்துக்கு. வட ஆற்காடு போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் தங்கம் வெட்டிய ஆழங்களின் இயந்திரங்களை அது ஓட்டியது. பெங்களூருக்கு 1905-ல்தான் வந்தது, மைசூருக்கு அதற்கும் மூன்று ஆண்டுகள் கழித்து. தங்கவயல் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. மின்நிலையம் இன்னும் ஓடுகிறது.

ஆனால் அருவிக்கு வரும் தண்ணீரில் மின்நிலையம் கை வைக்கிறது என்பதைப் பயணி தெரிந்துகொள்ள வேண்டும். அருவிக்கு மேலேயே ஆற்றைத் தடுத்து, கால்வாயில் திருப்பி, குழாய்கள் வழியாகக் கீழே இறக்குகிறார்கள். கோடையில் ஆற்றில் இருப்பது அதற்கே போதாது. அந்தக் குறையைத் தீர்க்கவும்தான் 1911-ல் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை தொடங்கியது. ஆகவே ஏப்ரலில் வருகிறவர் பார்ப்பது பாறைச் சுவரையும் நாலைந்து வெள்ளிக் கோடுகளையும்தான். மழை பொய்த்த 2023-ல் சீசனிலேயே ஆறு இளைத்திருந்தது. ஜூலைக் கடைசியிலிருந்து அக்டோபர் வரை சரியான காலம். அப்போதுகூட அணைகளில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று காலைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் படிக்கும் பழக்கமுள்ள தஞ்சாவூர்க்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சில ஆண்டுகளில் கர்நாடக அரசு இங்கே 'ஜலபாதோற்சவம்' நடத்தி ககனசுக்கிக்கு இரவில் வண்ண விளக்குகள் போடுகிறது. விளக்கைக் கொடுத்த அருவிக்கு விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கூட்டம் அலைமோதுகிறது.

பரசுக்கிக்குப் போகும் பாதையில் நிழல் குறைவு. கடைசி வளைவில் சத்தம் முதலில் வரும், பிறகு ஈரக் காற்று, அதன் பிறகுதான் அருவி. ககனசுக்கி படிப்படியாக உடைந்து சீறுவது என்றால், இது அகன்று விரிந்து விழுவது. நல்ல வெள்ளத்தில் பல பத்து தாரைகள் ஒன்றாகி ஒரே திரையாகிவிடும். மேலே பார்வை மேடை. கீழே இறங்கப் படிக்கட்டுகள். வெள்ளம் அதிகமான நாட்களில் இறங்க விடுவதில்லை. தண்ணீர் அடங்கிய பிறகு பரிசல்காரர்கள் அருவியின் காலடி வரை கொண்டு போவார்கள். மேலே கடைகளில் மசாலா தடவிப் பொரித்த ஆற்று மீனும் மிளகாய் பஜ்ஜியும். சாப்பிடுகிறவரைக் குரங்குகள் கண்காணிக்கும். பையைக் கீழே வைக்காதிருப்பது உத்தமம்.

இறங்கும்போது தெரியாத படிகள் ஏறும்போது தெரியும். பாதிப் படியில் மூச்சு வாங்க உட்காருகிறவர்களின் பேச்சில் சேலத்தையும் ஈரோட்டையும் கேட்கலாம். கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம் வழியாக நேராக வருகிறவர்கள் இவர்கள். 2022-லிருந்து திம்பம் மலைப்பாதையில் இரவு வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் மாலையானதும் கிளம்பத் துடிப்பார்கள். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையில் கர்நாடகம் கொந்தளித்தபோது இந்தப் பயணம் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது. பஸ்கள் எல்லையோடு நின்றன. நிலைமை தணிந்ததும் முதலில் வந்தவர்கள் யாத்ரீகர்களா, மீன் சாப்பிட வந்தவர்களா என்று சொல்வது கஷ்டம்.

அருவிக்குக் கீழே இரு கிளைகளும் மீண்டும் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து ஷிம்ஷா வந்து சேர, அர்க்காவதி வந்து சேர, மேகேதாட்டு இடுக்கில் நுழைந்து, பிலிகுண்டுலு அளவு நிலையத்தைக் கடந்து, ஒகேனக்கல்லில் இன்னொரு முறை விழுந்து, மேட்டூர் போய்ச் சேர வேண்டும். பரசுக்கியின் மேல்படியில் நிற்பவருக்கு அதெல்லாம் தெரியாது. தெரிவது, கிழக்கே காட்டு மலைகளுக்கிடையில் திரும்பி மறையும் பழுப்புத் தண்ணீர் மட்டும்.

கைகாட்டிக்குத் திரும்பி நடக்கும்போது பழைய பாலத்தின் தூண்கள் மேல் மாலை வெயில் விழுந்திருக்கும். உடைந்த இடத்துக்கு இந்தப் பக்கம் கல் உத்தரத்தில் நாரைகள் உட்கார்ந்திருக்கும். கொள்ளேகால் பஸ் எப்போது வரும் என்பதை டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம். மைசூர் போய்ச் சேரும்போது மண்டி மொஹல்லாவில் விளக்குப் போட்டிருப்பார்கள்.