வந்தவர்களை வைத்து ஓர் அணி

பயிற்சி மாலை 6.30க்கு. ஆறேகாலுக்கே அமெரிக்கப் பயிற்சியாளர் கோட்டோரம் வந்து நின்று தலைகளை எண்ணத் தொடங்கிவிடுவார். பட்டியலில் 38 பெயர்கள் உண்டு. சில நாள் 25 பேர் வருவார்கள், சில நாள் 19. ஒருவருக்குத் தொழிற்சாலையில் இரவுப் பணி, இன்னொருவருக்கு மறுநாள் பல்கலைக்கழகத் தேர்வு. மூன்றாமவர் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார். எண்ணி முடித்ததும் பயிற்சியாளர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுப்பார். காலையில் உட்கார்ந்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பகுத்து எழுதிய திட்டம் அது. பேனாவால் அதில் பாதியை அடிப்பார். மிஞ்சுவதுதான் அன்றைய பயிற்சி.

ஊர், சுவீடனில் மேலாரன் ஏரிக்கரையிலுள்ள ஒரு சிறு நகரம். என் மகனுக்கு அங்கே வேலை. பேரன் அந்த ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்பின் சிறுவர் அணியில் ஆடுகிறான். கோடையில் நானும் மனைவியும் போயிருந்தபோது அவனைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என் வேலையாயிற்று. உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக் கபடி அணிகளோடுதான் என் உத்தியோகக் காலம் கழிந்தது. பேரன் ஆடுவது ஃபிளாக் ஃபுட்பால். அதில் மோதல் கிடையாது. பந்து வைத்திருப்பவனின் இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டிருப்பது இந்த ஆட்டம்தான். மருமகள் இதற்கு மட்டுமே சம்மதித்திருக்கிறாள், அது சரி என்றே நினைக்கிறேன். சிறுவர்கள் முடித்ததும் அதே களத்தில் பெரியவர்கள் இறங்குவார்கள். பேரனை மகனோடு அனுப்பிவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். ஜூன் மாதத்தில் அந்தப் பக்கம் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு வாய்ப்பும் முன்கூட்டியே தீட்டிய ஒரு திட்டம். அந்தச் சில விநாடிகளில் பதினொருவருக்கும் பதினொரு வேலை. ஒருவன் தவறினால் மற்ற பத்துப் பேரின் உழைப்பும் வீண். அதனால்தான் இந்த ஆட்டத்தில் பயிற்சியாளருக்கு இவ்வளவு முக்கியத்துவம். அதே காரணத்தால்தான் பாதிப் பேர் வராத பயிற்சி ஒரு பயிற்சியாளரைத் திணறடிக்கிறது.

வட ஐரோப்பாவில் இந்த விளையாட்டு வேர்விட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஹெல்சிங்கி ரூஸ்டர்ஸ் 1979இல் தொடங்கிய கிளப். ஸ்டாக்ஹோம் மீன் மெஷின்ஸ் 1982. உப்சாலாவின் 86அர்ஸ் பிறந்த ஆண்டையே பெயராக வைத்துக்கொண்டது. நார்வேயின் எய்ட்ஸ்வோல் அணிக்கு, அந்த ஊரில் நாட்டின் அரசியலமைப்பு கையெழுத்தான 1814 பெயராகிவிட்டது. டென்மார்க்கில் வளர்ந்து, மாணவர் பரிமாற்றத்தில் அமெரிக்கா போன மார்ட்டன் ஆண்டர்சன் அங்கே உதைப்பவராக 382 ஆட்டங்கள் ஆடி, 2017இல் அந்நாட்டின் ஃபுட்பால் புகழரங்கில் இடம்பெற்றார். பேரன் ஆடும் கிளப்பின் தொடக்கக்காரர்களில் ஒருவர் குழாய் வேலை செய்பவர், அறுபதைத் தொட்டவர். 1988இல் சிகாகோ பேர்ஸும் மின்னசோட்டா வைக்கிங்ஸும் கோத்தன்பர்க் உல்லேவி அரங்கில் மோதியதை நேரில் பார்த்தவர். அன்றைக்குப் பிடித்த பித்து அவருக்கு இன்னும் விடவில்லை. தலைக்கவசங்களுக்கு இன்றும் அவர்தான் திருகு முடுக்குகிறார்.

பயிற்சியாளரும் மின்னசோட்டாக்காரர்தான். அங்கே பள்ளி ஆசிரியராகவும் ஃபுட்பால் பயிற்சியாளராகவும் இருந்தவர். மனைவி, ஒரு மகன், ஒரு மகளோடு ஏப்ரலில் வந்திறங்கியிருக்கிறார். பனிக்காலம் கடுமை என்பதால் இங்கே பருவம் இளவேனிலில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடிகிறது. கிளப் கொடுப்பது ஒரு சிறு வீடு, விமானக் கட்டணம், பேருந்து அட்டை, மாதச் செலவுக்குக் கொஞ்சம் பணம், கூடவே ஆளுக்கொரு பழைய சைக்கிள். அவரையும், பந்தை எறியும் குவாட்டர்பேக்காக ஆட வந்திருக்கும் ஓர் அமெரிக்க இளைஞரையும் தவிர வேறு யாருக்கும் சல்லிக்காசு கிடையாது. ஆடுபவர்கள்தான் கிளப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறார்கள். வெளிநாட்டு ஆட்களை நிறையக் கொண்டுவந்து ஜெயித்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. களத்தில் ஒரே நேரத்தில் இத்தனை அமெரிக்கர்தான் நிற்கலாம் என்று லீகுகள் வரம்பு கட்டியிருக்கின்றன. ஆகவே உள்ளூர் ஆட்களை உருவாக்கியே தீர வேண்டும்.

எப்படி உருவாக்குகிறார் என்று பார்க்கத்தான் நான் ஒவ்வொரு பயிற்சிக்கும் போனேன்.

மின்னசோட்டாவிலிருந்து அவர் கொண்டுவந்த ஆட்டத்திட்டப் புத்தகம் தடிமனானது. அதை என்னிடம் காட்டினார். பிறகு இங்கே உண்மையில் பயன்படுவதையும் காட்டினார்: பிளாஸ்டிக் உறை போட்ட ஒற்றை அட்டை. ஓட்டத்துக்கு ஐந்து, பந்தை எறிவதற்கு ஏழு. "இந்தப் பன்னிரண்டையும் இவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். முப்பது கொடுத்தால் முப்பதிலும் தடுமாறுவார்கள்" என்றார். எதைச் சேர்ப்பது என்று யோசிப்பது எளிது, எல்லாப் பயிற்சியாளர்களும் அதைத்தான் செய்கிறோம். எதை விடுவது என்று தீர்மானிக்க ஆட்டத்தின் எலும்பு எது, சதை எது என்று தெரிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று மாலைகள் மட்டும் கிடைக்கிற இந்த ஊர் அவரை அந்தத் தீர்மானத்துக்குத் தள்ளியிருக்கிறது. அதனால் அவர் கைத்திறன் கூடியிருக்கிறது என்பது என் கணிப்பு.

அவரைப் பக்குவப்படுத்தியது இன்னொன்றும் உண்டு, கேள்வி. கட்டடப் பொறியாளர் ஒருவர் லைனில், அதாவது முன்வரிசையில் நிற்பவர், மலை மாதிரி உடம்பு. ஒருநாள் பயிற்சியை நிறுத்திக் கேட்டார்: "எனக்கு நேரே நிற்பவரை விட்டுவிட்டு அடுத்தவரை ஏன் தடுக்க வேண்டும்?" குரலில் மரியாதைக் குறைவு இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான். அமெரிக்கப் பள்ளி அணியில் ஒரு பையன் இப்படிக் கேட்க மாட்டான், கேட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டியிருக்கும் என்று பயிற்சியாளர் பின்னால் என்னிடம் சொன்னார். இங்கே அவர் தண்ணீர் பாட்டில்களைத் தரையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு பாட்டிலும் ஓர் ஆள். பந்தோடு ஓடுபவன் இந்த இடைவெளிக்கு வரும் நேரத்தில் நேரே நிற்பவன் ஏற்கெனவே பக்கத்து ஆளின் கோணத்தில் சிக்கியிருப்பான், ஆபத்து இரண்டாவது வரிசையிலிருந்து வருபவன்தான் என்று நகர்த்திக் காட்டினார். பொறியாளர் குனிந்து பார்த்து, ஒரு பாட்டிலைத் தாமே நகர்த்தி, "அவன் இப்படி வந்தால்?" என்றார். பத்து நிமிடம் போயிற்று. அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணி அப்படியே வந்தது. யாரும் கத்திச் சொல்லாமல் பொறியாளர் தம் ஆளை மாற்றிக்கொண்டார். காரணம் புரிந்தவன் களத்தில் தானே முடிவெடுக்கிறான். இதை நம் பள்ளி மைதானங்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

மோதிப் பிடிப்பதைக் கற்றுக்கொடுக்கும்போதுதான் எனக்குக் கை துறுதுறுத்தது. இந்த ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் ஐஸ் ஹாக்கியில் வளர்ந்தவர்கள். சறுக்குக்காலில் நிமிர்ந்தபடி தோளால் இடித்துப் பழக்கம். புல்தரையில் நிமிர்ந்து வந்தால் ஓடுபவன் அடியில் புகுந்து போய்விடுவான். தலையைக் கொடுத்து மோதுவது அதைவிடக் கேடு. மூளை அதிர்ச்சி பற்றிய கவலை வலுத்த பிறகு, 2014இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணி ரக்பி பாணியில் தோளால் பிடிக்கும் முறையை வீடியோவாக வெளியிட்டது. தலை மோதலுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். இங்கேயும் அதுதான் பாடம். தோள் தொடையில் பதிய வேண்டும், கை இரண்டும் பின்னால் பூட்ட வேண்டும், பிடித்தபின் கால் நிற்கக் கூடாது. நான் கபடிக்காரன் என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்ததும், நெருங்குவதை மட்டும் காட்டச் சொன்னார். காட்டினேன்: பாயாமல், குதிகால் தரையில் ஊன்றாமல், சின்னச் சின்ன அடியாகக் குறுக்கிக்கொண்டே போய், ரெய்டர் எடையை ஒரு காலில் போடும் கணத்துக்குக் காத்திருப்பது. மொழி தேவைப்படவில்லை. இளைஞர்கள் வரிசையில் நின்று திரும்பத் திரும்பச் செய்தார்கள். அதன் பிறகு வந்த பயிற்சிகளில் அந்தத் தாளில் "கபடி, 5 நிமிடம்" என்று ஒரு வரி இருந்தது. அதை அவர் ஒருமுறையும் அடிக்கவில்லை.

தள்ளுவண்டிக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவீடனில் ஒரு குழந்தைக்குப் பெற்றோருக்கு 480 நாள் விடுப்பு உண்டு. அதில் தலா 90 நாள் தாய்க்கென்றும் தந்தைக்கென்றும் ஒதுக்கப்பட்டவை, ஒருவர் மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. அவர் அந்த விடுப்பில் இருந்தார். அணியிலேயே பலசாலியான தடுப்பாட்டக்காரர், எதிரணியின் இரண்டு பேரை ஒருசேரத் தள்ளுபவர். குழந்தை விழித்துக்கொண்டால் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்கு வெளியே ஓடுவார். ஆட்டம் நிற்காது, வேறொருவர் அந்த இடத்தில் நிற்பார். முதலில் என் மனைவி போய்த் தூக்கிக்கொண்டாள், பிறகு பயிற்சியாளரின் மனைவியும் சேர்ந்துகொண்டார். இருவரும் பேசிப் பழகியது அந்தப் பிள்ளையை நடுவில் வைத்துத்தான்.

பயிற்சியாளர் மனைவியின் கொள்ளுப்பாட்டி தென் சுவீடனின் ஸ்மோலாண்டிலிருந்து கப்பலேறியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் 13 லட்சம் சுவீடன்காரர்கள் பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பி அமெரிக்கா போனார்கள். அவர்களில் ஏராளமானோர் இறங்கிய இடம் மின்னசோட்டா. கணவருக்கு இங்கிருந்து அழைப்பு வந்தபோது போகலாம் என்று முதலில் சொன்னவர் இவர்தானாம். வெளியூர் ஆட்டங்களின் அட்டவணையே இந்தக் குடும்பத்தின் சுற்றுலா அட்டவணை. ஞாயிற்றுக்கிழமை அணிப் பேருந்து திரும்பும்போது இவர்கள் அங்கேயே தங்கி, செவ்வாய் மாலைப் பயிற்சிக்கு ரயிலில் வந்துவிடுவார்கள். அப்படித்தான் கோத்தன்பர்க் துறைமுகம் பார்த்தார்கள். மால்மோ போனபோது பாலம் கடந்து கோபன்ஹேகன். மிட்சம்மர் வாரத்தில் யாரும் ஆட்டம் வைப்பதில்லை, ஊரே ஏரிக்கரைக் குடில்களுக்குக் கிளம்பிவிடும். அந்த வாரம் வெக்ஷோ நகரிலுள்ள புலம்பெயர்ந்தோர் அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தார்கள். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு மாலையில் வேலைக்குப் போகிற வாழ்க்கை பயிற்சியாளருக்கு வாய்த்தது இதுவே முதல் தடவை. சொந்த ஊரில் பருவம் தொடங்கினால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீடு திரும்புவாராம்.

ஆட்ட நாள் ஊர் கூடிச் செய்யும் வேலை. மைதானம் நகராட்சியுடையது, மற்ற நாள்களில் சாக்கர் ஆடும் இடம். அதனால் காலையிலேயே பெற்றோர்கள் வந்து கெஜக் கோடுகளை அளந்து போடுகிறார்கள். 10 கெஜம் என்பது 9.14 மீட்டர்; அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா சத்தமாக எண் சொல்வார். இளையோர் அணிப் பையன்கள் 10 கெஜச் சங்கிலியைப் பிடிக்கிறார்கள், தங்கைமார் தொத்திறைச்சியும் காப்பியும் விற்கிறார்கள். ஒருவர் ஏணி மேல் நின்று வீடியோ எடுக்கிறார். அது அன்றிரவே அனைவர் கைபேசிக்கும் போய்விடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகும் ரயிலில் அதைப் பார்த்து, தன் தவறைத் தானே குறித்து அனுப்ப வேண்டும் என்பது பயிற்சியாளரின் கட்டளை. களத்தில் கிடைக்காத நேரத்தை அவர் இப்படி ரயிலில் தேடிக்கொள்கிறார்.

லைன் ஆட்களுக்கு உதவிப் பயிற்சியாளர் ஒரு பெண், மருத்துவமனையில் நர்ஸ். 2010இல் ஸ்டாக்ஹோமில் ஆறு நாடுகள் ஆடிய முதல் பெண்கள் உலகப் போட்டியைப் பள்ளி மாணவியாகப் போய்ப் பார்த்தவர். அமெரிக்கா கனடாவை இறுதியாட்டத்தில் வென்ற விதத்தை இப்போதும் விவரிக்கிறார். பிறகு தாமே ஆடி, முழங்கால் போனபின் கற்பிக்க வந்தார். லைனில் நிற்பவன் வைக்கும் முதல் அடி ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் விடாப்பிடி. அடி பெரிதானால் ஒரு கால் காற்றில் இருக்கும். அந்தக் கணத்தில் ஒரு சிறுவன் தள்ளினாலும் சாய்வான். தரையில் டேப் ஒட்டி, முழங்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொருவர் பாதத்தையும் பார்ப்பார். அமெரிக்கர் இவருக்காகச் செலவிட்ட நேரம் எந்த ஆட்டக்காரருக்குச் செலவிட்டதையும்விட அதிகம். பயிற்சி முடிந்து விளக்கு அணைந்த பிறகும் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அட்டையில் அம்புக்குறி போட்டுக்கொண்டிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து பயிற்சியாளரை அழைக்கும் கிளப்புகள் கோப்பைகளைத்தான் எண்ணுகின்றன. அவர் போன பின் அங்கே எத்தனை உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் நிற்கிறார்கள் என்பதே சரியான கணக்கு.

நாங்கள் ஊர் திரும்பும் வாரத்தில் கிளப் குழு கூடி, அடுத்த பருவத்துக்கு அமெரிக்கரைத் தேட வேண்டாம், தலைமைப் பயிற்சி நர்ஸிடமே இருக்கட்டும் என்று முடிவெடுத்தது. அன்று மாலைத் திட்டத்தை எழுதியவரும் அவர்தான். 21 பேர் வந்திருந்தார்கள். அமெரிக்கர் தாளை வாங்கிப் படித்து இரண்டு வரிகளை அடித்தார். நர்ஸ் பேனாவைக் கேட்டு வாங்கி, அடித்ததில் ஒன்றை மறுபடி எழுதினார்: லைன், முதல் அடி, 10 நிமிடம்.

"ஏன்?" என்றார் அமெரிக்கர்.

"சனிக்கிழமை மூன்றாம் பகுதியில் இடப்பக்க ஆட்கள் இருவரும் அடியை நீட்டிவிட்டார்கள். நேற்று இரவுப் பணி இடைவேளையில் வீடியோவில் எண்ணிப் பார்த்தேன்."

அவர் தலையசைத்துவிட்டு, உதைப்பவர்களைக் கூட்டிக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போனார்.