பம்பாய் ஈந்த குருதிப் பாடம்

இந்நகரின் பழைய பெயரைத் தாங்கிய குருதி வகை ஒன்று உண்டு என்பதை, இங்கே முப்பது ஆண்டுகள் வாழ்ந்த பின்னரே அறிந்தேன். நம் குடும்பங்களுக்கும் தொடர்புடைய செய்தியாதலின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாந்தர் குருதி யாவும் ஒரே தன்மையதன்று என்பதை 1901-ஆம் ஆண்டில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் நிறுவினார். செவ்வணுக்களின் மேல் 'ஏ', 'பி' என்னும் அடையாளப் பொருள்கள் உள்ளன. இரண்டும் அமைந்தது 'ஏபி'. இரண்டும் இல்லாதது 'ஓ'. நான் 'ஓ' வகையினன். "ஒன்றும் இல்லாதவர்" என்று என் துணைவியார் நகையாடுவதுண்டு.

1952-ஆம் ஆண்டில் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடன் ஆய்ந்தோரும் மூவரின் குருதியைக் கண்டு வியந்தனர். வழக்கமான சோதனையில் அது 'ஓ' போலவே தோன்றிற்று. ஆனால் 'ஓ' அணுக்களையே எதிர்த்துத் திரளச் செய்தது. 'ஓ' வெறுமையாயின், அக்குருதி எதனை எதிர்த்தது? நம் அனைவரின் அணுக்களிலும் 'எச்' என்றொரு அடிப்படைப் பொருள் உண்டு. அதன்மீது ஒரு சர்க்கரைக் கூறு சேர்ந்தே 'ஏ'யும் 'பி'யும் உருவாகின்றன. 'ஓ' வகையில் அது தனித்து நிற்கிறது. அம்மூவரிடமோ அந்த அடித்தளமே இல்லை. இவ்வுண்மை தெளிவுறுவதற்கு அம்மூவரின் குருதி பெருந்துணையாயிற்று. எண்ணற்றோரிடம் மறைந்திருப்பதை, அது இல்லாத ஒரு சிலரே நமக்குக் காட்டுகின்றனர்.

இதில் குடும்ப மானமும் அடங்கியுள்ளது. பெற்றோர் இருவரும் 'ஓ' எனச் சீட்டில் இருக்க, குழந்தை 'பி'யாகப் பிறத்தல் கூடும். அவருள் ஒருவர் பம்பாய் வகையினராயின், அவரிடம் வெளிப்படாதிருந்த 'பி' மரபு மகவிடம் வெளிப்படும். சீட்டை மட்டும் நோக்கி ஒரு தாயைப் பழிப்பது எத்துணைக் கொடுமை!

இக்குறை தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வந்தால்தான் தோன்றும். ஆதலின் நெருங்கிய உறவில் மணப்போரிடம் இதற்கு வாய்ப்பு மிகுதி. என் பெற்றோரும் அத்தை மகனும் மாமன் மகளுமே. நம்மிடையே இது புதிதன்று. இந்தியாவில் ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவர் இவ்வகையினர் என்பர்.

இவர்களுக்கு 'ஓ' குருதி ஏற்றினால் உயிருக்கே ஊறு நேரலாம். தம் வகையினரின் குருதியே பொருந்தும். எனவே, இரு குருதிகளையும் கலந்து பொருத்தம் பார்க்கும் சோதனையை மருத்துவர் இயன்றவரை கைவிடுவதில்லை. அதற்காகும் நேரத்தை வீண் தாமதம் எனச் சினவாதீர்கள். ஒருவர் இவ்வகையினர் எனத் தெரிந்தால் உடன்பிறந்தார் அனைவரும் சோதித்துக்கொள்வது கடமையாகும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரத்த வங்கியில் பெயரைப் பதிந்து வைத்தால், என்றோ ஒருநாள் முகமறியாத ஒருவரின் உயிர் அதனால் நிலைக்கும்.