தொடையிடுக்கில் ஒரு புடைப்பு

லண்டன் டூட்டிங்கில் முத்துமாரி அம்மன் கோயிலும் தோசைக்கடைகளும் உள்ள பெரிய தெருவிலிருந்து பொடிநடையாகப் போனால் செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனை. முன்பு அது ஹைட் பார்க் கார்னரில் இருந்தது. அந்த இடத்தில் இப்போது லேன்ஸ்பரோ என்ற ஆடம்பர ஓட்டல்.

1735 டிசம்பரில் அந்தப் பழைய இடத்தில்தான் அறுவை மருத்துவர் கிளாடியஸ் அமியாண்ட் ஒரு பதினோரு வயதுப் பையனின் குடலிறக்கத்தைத் திறந்தார். இறங்கிய பைக்குள் குடல்வால் கிடந்தது. பையன் எப்போதோ விழுங்கிய குண்டூசி அதைத் துளைத்திருந்தது. மயக்க மருந்து வர இன்னும் நூறாண்டுக்கு மேல் இருக்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரம் அந்தப் பிள்ளை விழித்தபடி தாங்கினான். குடல்வாலை வெட்டியெடுத்த அறுவைகளில் பதிவான முதலாவது இதுதான். பையன் பிழைத்தான், இடுப்பில் ஒரு பட்டையோடு வீட்டுக்குப் போனான்.

*

எட்வர்ட் கிப்பன் ரோமப் பேரரசு சரிந்த கதையைத் தொகுதி தொகுதியாக எழுதியவர். தன் தொடையிடுக்குக் கதையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. 1761இல் ஒரு மருத்துவரிடம் காட்டினார். அதன்பிறகு முப்பது ஆண்டுக்கு மேல் மௌனம். இறுக்கமான கால்சட்டைக் காலம் அது. வீக்கம் ஊருக்கே தெரிந்தது, அவர் மட்டும் மறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். 1793 நவம்பரில் லண்டனிலிருந்து நண்பர் ஷெஃபீல்டு பிரபுவுக்குக் கடிதத்தில்தான் உடைத்துச் சொன்னார். விரைவீக்கம், குடலிறக்கம் இரண்டும் இருந்தன. மூன்று முறை நீர் எடுத்தார்கள். 1794 ஜனவரி 16 அன்று செயின்ட் ஜேம்ஸஸ் தெருவில் இறந்தார். வயது 56.

நம் ஆட்களும் கிப்பனுக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஆங்கிலம் போதாத அப்பா ஜிபியிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், போகும்போது மகளைக் கூட்டிப் போகிறார். “வயித்துக்குத்து எண்டு சொல்லு பிள்ளை.” மகள் அப்படியே சொல்கிறாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். என்எச்எஸ்ஸில் மொழிபெயர்ப்பாளர் இலவசம், பெரும்பாலும் தொலைபேசியிலேயே. நேரம் பதியும்போதே கேட்டு வைத்தால் பிள்ளைகளை இந்தத் தர்மசங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

*

குடலிறக்கத்தில் நடப்பது இதுதான். அடிவயிற்றுச் சுவர் தளர்ந்த இடத்தில், டயர் கிழிந்த இடத்தில் ட்யூப் பிதுங்குவதுபோல, குடலோ கொழுப்போ வெளியே வருகிறது. இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். வாழ்நாளில் நான்கு ஆண்களில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. உடற்பயிற்சியோ மாத்திரையோ ஓட்டையை அடைக்காது.

பட்டை கட்டும் வழக்கம் லண்டனில் பழையது. குடலிறக்கம் வந்த ஏழைகளுக்குப் பட்டை கொடுக்கவென்றே 1807இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பட்டை புடைப்பை அழுத்தி வைக்கும், அவ்வளவுதான். இன்று அறுவை செய்ய முடியாதவர்களுக்கு மட்டுமே அதில் அர்த்தம் இருக்கிறது.

*

அறுவை உடனே வேண்டுமா? வலியோ தொந்தரவோ இல்லாத ஆணுக்கு அவசரமில்லை. 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், காத்திருந்த ஆண்களில் குடல் சிக்கி அவசரநிலைக்குப் போனவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பத்து ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் எப்படியும் கத்திக்குப் போயிருந்தார்கள், பெரும்பாலும் வலியால். ஆக, காத்திருப்பது நியாயமான வழிதான். பலருக்கு அது அறுவையைத் தள்ளிப்போடும், தவிர்க்காது. பெண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆண்களைவிட அவர்களுக்குத் தொடை வழியாக இறங்கும் வகை அதிகம், அது எளிதில் சிக்கிக்கொள்ளும். பெண்கள் காத்திருக்கக் கூடாது.

*

சென்னையிலிருந்து போன் வரும்: “லேசர்ல பண்ணிக்கோ, காலையில போய் சாயந்திரம் வந்துடலாம்.” குடலிறக்கத்தை லேசர் சரிசெய்வதில்லை. விளம்பரப் பலகைகள் அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் லேப்ரோஸ்கோப்பியைத்தான் விற்கிறார்கள். காலையில் போய் மாலையில் வருவது இங்கும் வழக்கம்தான்.

இரண்டு பாதைகள். ஒன்று, தொடையிடுக்கில் திறந்து செயற்கை வலை வைத்துத் தைப்பது. லிக்டென்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1980களில் பரப்பிய முறை. அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்தே செய்யலாம் என்பதால் இதய நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் நல்லது. மற்றது, மூன்று சிறு துளைகள் வழியாக உள்ளிருந்து வலை வைக்கும் லேப்ரோஸ்கோப்பி. இதற்கு முழு மயக்கம் வேண்டும். இருபுறமும் இறக்கம் இருந்தால், அல்லது முன்பு திறந்து தைத்தது மறுபடி வந்தால், இதுவே மேல். வேலைக்குத் திரும்புவதும் கொஞ்சம் சீக்கிரம். என்னைக் கேட்டால் முறையைவிட ஆளைப் பார்க்க வேண்டும்: “இதை நீங்கள் அடிக்கடி செய்கிறீர்களா?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

*

வலை என்றதும் பயம். இங்கே பெண்களின் இடுப்புத்தள வலைச் சிகிச்சை பெரிய பிரச்சினையாகி 2018இல் நிறுத்திவைக்கப்பட்டது. குடலிறக்க வலை தடை செய்யப்படவில்லை. ஆனாலும் அறுவைக்குப் பிறகு பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும் வலி வரக்கூடும், இது கையெழுத்துப் போடும் முன் பேச வேண்டிய விஷயம். வலை இல்லாமலும் செய்யலாம். கனடாவின் ஷோல்டைஸ் முறை உண்டு. நோயாளியின் சொந்தத் தசையுறையிலிருந்தே ஒரு பட்டியை எடுத்துத் தைக்கும் தேசார்தா முறை புனேயில் பிறந்தது. கைப்பழக்கம் உள்ள மருத்துவர் அமைய வேண்டும்.

வலையின் விலை பற்றி ஒன்று. மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சாவில் டாக்டர் தோங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கி ஏழைகளுக்குப் பயன்படுத்தினார். 2016இல் வெளிவந்த உகாண்டா ஆய்வில் அப்படிப்பட்ட வலைக்கும் விலையுயர்ந்த வலைக்கும் ஓராண்டில் பெரிய வேறுபாடு இல்லை.

*

கிடங்கிலும் கடையிலும் மூட்டை தூக்குகிறவர்கள் அறுவைக்குப் பிறகு நாலு முதல் ஆறு வாரம் பாரம் எடுக்கக் கூடாது. ஜிபியிடம் விடுப்புச் சீட்டு வாங்கி முதலாளியிடம் முன்கூட்டியே கொடுங்கள்.

புடைப்பு திடீரென இறுகி, வலித்து, உள்ளே போக மறுத்தால், கூடவே வாந்தி வந்தால், காற்றும் மலமும் நின்றால், குடல் சிக்கியிருக்கலாம். அமுக்கித் தள்ளிப் பார்க்காதீர்கள், விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லையென்றால் 999ஐ அழையுங்கள்.